டி.வி. திக்குகிறதா? பெட்டியின் மீது பழி போடாதீர்கள்!

ராத்திரி சாப்பாடு முடிந்தது. வீட்டில் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து விட்டார்கள். படம் ஓடுகிறது. வில்லனை அடிக்கக் கதாநாயகன் கையை ஓங்குகிறான்.

ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கிறது!

திரையின் நடுவில் ஒரு வட்டம் வருகிறது. சுற்றுகிறது. சுற்றிக் கொண்டே இருக்கிறது. அரை நிமிடம் கழித்துத்தான் அடி விழுகிறது. அதற்குள், பார்த்துக் கொண்டு இருப்பவர்களுக்கு வில்லனை விட டி.வி. மீது கோபம் அதிகமாகி விடுகிறது.

"பையன் ரிமோட்டைக் கண்டபடி அமுக்கினான். அதுதான் இப்படி ஆகிவிட்டது" என்பார் பாட்டி.

"டி.வி. பழசாகி விட்டது. மாற்றினால்தான் சரிப்படும்" என்பார் மாமா.

மறு வாரமே கடைக்குப் போகிறார்கள். மாதத் தவணையில் புது டி.வி. வருகிறது. வாழைப்பழம், ஊதுபத்தி எல்லாம் வைத்துப் படம் போடுகிறார்கள்.

புது டி.வி.யிலும் அதே வட்டம் சுற்றுகிறது!

பணம் போயிற்று. நோய் போகவில்லை. நோய் எங்கே என்று பார்க்காமல் மருந்து வாங்கியதுதான் காரணம்.

படம் திக்குவதற்குக் காரணங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு செலவு இல்லாமல், வீட்டில் உள்ளவர்களே கண்டு பிடித்து விடலாம். மீதி உள்ள ஒரு காரணத்துக்குப் பொறுப்பாளி, பெட்டியைச் செய்து விற்றவர். அதற்கு உரிய அபராதத்தை, வாங்கியவர் கட்டுவது நியாயம் அல்ல.

தண்ணீர்த் தொட்டி

இண்டர்நெட் வழியாகப் படம் எப்படி வருகிறது? அதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

முழுப் படமும் ஒரே மூட்டையாக வருவது இல்லை. சில வினாடிகள் ஓடக்கூடிய சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். டி.வி.யில் செருகி இருக்கும் ஸ்டிக், அல்லது பக்கத்தில் வைத்திருக்கும் பெட்டி, அந்தத் துண்டுகளை வாங்குகிறது. உடனே எல்லாவற்றையும் காட்டி விடாது. கொஞ்சத்தைக் கையிருப்பாக வைத்துக் கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டும்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது. தொட்டி நிறைகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. மோட்டார் இரண்டு நிமிடம் நின்றாலும், குழாயில் தண்ணீர் வரும். தொட்டியில் இருப்பு இருக்கிறது அல்லவா?

ஆனால், ஏறுவதை விட இறங்குவது அதிகமானால்? தொட்டி காய்ந்து விடும். குழாயில் காற்றுதான் வரும்.

டி.வி.யில் சுற்றும் வட்டம், "தொட்டி காலி" என்ற அறிவிப்பு. அவ்வளவுதான்.

தொட்டி காய்வதற்கு முன்பே பெட்டி ஒரு தந்திரம் செய்து பார்க்கும். தெளிவான படத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். மங்கலான படத்துக்குக் கொஞ்சம் போதும். ஆகவே, வரத்து குறைந்ததும் மங்கலான துண்டுகளைக் கேட்டு வாங்கும். முகம் கலங்கிப் போய், எழுத்து மசமச என்று தெரிவது அந்த நேரத்தில்தான். அதற்கும் வழி இல்லாமல் போனால், வட்டம்.

இரண்டு வகை நோய்

இதில் இருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது.

வட்டம் சுற்றினால், அது ஒரு வகை நோய். சரக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

வட்டமே வராமல் படம் குலுங்கினால், அது வேறு நோய். நடக்கிறவன் நொண்டுவது போல ஓடும். பந்து உருளாமல் தத்தித் தத்திப் போகும். சரக்கு வந்து விட்டது; பெட்டியால் அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று அர்த்தம்.

முதல் நோய்க்குப் புது டி.வி. மருந்து அல்ல. இரண்டாவது நோய்க்கு இண்டர்நெட் வேகத்தைக் கூட்டுவது மருந்து அல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், பாதிப் பணம் மிச்சம்.

இந்தப் பெயரை நம்பலாமா?

வேகத்தை "எம்.பி.பி.எஸ்." என்ற அளவால் சொல்லுகிறார்கள். வீட்டில் பேசும்போது "நூறு எம்.பி. ஸ்பீடு" என்கிறோம்.

ஒரு படம் பார்க்க எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்பிளிக்ஸ் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லி இருக்கிறது. சாதாரண எச்.டி. படத்துக்கு 3 எம்.பி.பி.எஸ்.; முழு எச்.டி. படத்துக்கு 5, மிகத் தெளிவான 4கே படத்துக்கு 15.

இந்திய அரசாங்கம் "பிராட்பேண்ட்" என்ற பெயருக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. 2023-ம் ஆண்டில் அந்த அளவை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகு எவ்வளவு? குறைந்தது 2 எம்.பி.பி.எஸ்.!

அதாவது, பிராட்பேண்ட் என்ற பெயரைச் சட்டப்படி வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு எச்.டி. படம் நிற்காமல் ஓடாது. பெயரைப் பார்த்துப் பணம் கட்டக் கூடாது. எண்ணைப் பார்த்துக் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 15 போதும் என்ற இடத்தில் 300 எதற்கு? "படம் நிற்கிறதா? பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்று சொல்லுவது சுலபம். வீட்டில் ஒரே ஒரு டி.வி.யும் மூன்று போன்களும் இருந்தால், அந்தப் பெரிய பிளான் பெரிய பில்லைத்தான் கொண்டு வரும்.

மோடம் எங்கே இருக்கிறது?

வாசல் வரை 100 எம்.பி. வருகிறது. ஆனால், டி.வி. வரை வருகிறதா? அதுதான் கேள்வி.

பல வீடுகளில் மோடம் எங்கே இருக்கிறது? பரண் மேல். அல்லது, பீரோவுக்குப் பின்னால். அல்லது, "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று மர அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்தி இருப்பார்கள்.

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு பீரோ அதைத் தடுக்கும். கனமான சுவர் அதைத் தின்னும். இரண்டு அறை தாண்டி வருவதற்குள் அது களைத்துப் போகும்.

வைஃபையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 2.4, மற்றொன்று 5. இவை கிகாஹெர்ட்ஸ் கணக்கு. 2.4 தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு மோடமும், ப்ளூடூத்தும், சமையல் அறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே பாதையில்தான் நெருக்குகின்றன. 5 வேகமானது, கூட்டமும் குறைவு. ஆனால், சுவரைக் கண்டால் அதிகம் பயப்படும்.

ஆகவே, மோடமும் டி.வி.யும் ஒரே அறையில் இருந்தால் 5 நல்லது. நடுவில் சுவர்கள் இருந்தால் 2.4-ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நல்லது வயர். மோடத்தில் இருந்து டி.வி.க்கு ஒரு லேன் வயர் இழுத்து விட்டால், சுவரும் அடுப்பும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வயரின் விலையையும், ஒரு புது டி.வி.யின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஸ்டிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதை டி.வி.யின் முதுகில் நேராகச் செருகி விடுகிறார்கள். அங்கே காற்று இல்லை. சூடு உண்டு. எதிரே டி.வி.யின் உடம்பே மறைத்துக் கொண்டு நிற்கிறது. ஸ்டிக்குடன் அட்டைப் பெட்டியில் குட்டி வயர் ஒன்று வைத்திருப்பார்கள். "இது எதற்கு?" என்று பல பேர் தூக்கிப் போட்டு விடுகிறார்கள். ஸ்டிக்கைச் சற்று வெளியே தொங்கவிடத்தான் அது! தொங்க விட்டால் வைஃபையும் நன்றாகக் கிடைக்கும், சூடும் குறையும்.

கரண்ட் கொடுக்கும் அடாப்டரும் அப்படியே. அதைச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். டி.வி.யின் யு.எஸ்.பி. துளையில் கரண்ட் எடுத்தால், சில ஸ்டிக்குகளுக்கு அது போதாது. அரைப் பட்டினி கிடப்பவன் எப்படி ஓடுவான்?

பெட்டியின் வயிறு

இனி, வட்டம் இல்லாமல் குலுங்கும் நோய்.

ஸ்டிக் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கும் மூளை உண்டு. வயிறும் உண்டு. வயிறு நிறைந்து விட்டால் அதுவும் மூச்சு வாங்கும்.

கூகுள் கம்பெனி 2020-ம் ஆண்டில் ஒரு குரோம்காஸ்ட் விற்றது. அதில் சேமிப்பு இடம் 8 ஜி.பி. அதிலும் பெரும் பகுதியைப் பெட்டியே தன் சொந்த வேலைக்கு எடுத்துக் கொண்டது. மீதி இடத்தில்தான் வாங்கியவர்கள் தங்கள் ஆப்களைப் போட வேண்டும். சில ஆப்களிலேயே இடம் தீர்ந்து போயிற்று என்று வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். 2024-ல் அதே கம்பெனி அடுத்த பெட்டியைக் கொண்டு வந்தது. அதில் எவ்வளவு இடம்? 32 ஜி.பி. நான்கு மடங்கு! முதலில் கொடுத்தது போதவில்லை என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டுமா?

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? பார்க்காத ஆப்களை நீக்கலாம். மீதி ஆப்களில் சேர்ந்து கிடக்கும் "கேச்" குப்பையை செட்டிங்ஸில் போய்த் துடைக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுச் செருகலாம். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி தூங்குமே தவிர, முழுதும் அணையாது. பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்மையான ஓய்வு.

புது மூட்டை, பழைய கை

படத்தை அப்படியே அனுப்ப முடியாது. அவ்வளவு பெரியது. ஆகவே, அமுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். கட்டும் முறைகள் பல. 2003-ல் ஒரு முறை வந்தது. அதற்குப் பெயர் எச்.264. 2013-ல் எச்.இ.வி.சி. என்பது வந்தது. 2018-ல் ஏ.வி.1 வந்தது. புது முறை வர வர, மூட்டை சிறிதாகிறது. ஆனால், அவிழ்ப்பது கடினமாகிறது.

மூட்டையை அவிழ்க்கப் பெட்டியில் தனி யந்திரப் பகுதி ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால் படம் வழவழ என்று ஓடும். இல்லாவிட்டால், மூளையே அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக் கொள்ளும். மூளைக்குத் திணறல், படத்துக்கு நொண்டல்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்த கல்யாண வீடியோ டி.வி.யில் திக்குகிறதா? பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். இதற்கு இண்டர்நெட் காரணம் அல்ல. கல்யாண வீடியோக்காரரிடம் "எச்.264-ல் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால், பழைய டி.வி.யிலும் ஓடும் வாய்ப்பு அதிகம்.

24-ம் 60-ம்

பெட்டி நல்ல பெட்டி. இண்டர்நெட்டும் நல்ல வேகம். ஆனாலும், காமிரா மெல்லத் திரும்பும் காட்சியில் படம் லேசாக உதறுகிறது. இது ஏன்?

இது கணக்குத் தகராறு!

பேசும் படம் வந்த காலத்தில் இருந்தே சினிமாவுக்கு வினாடிக்கு 24 படங்கள் என்பது வழக்கம். ஆனால், பல பெட்டிகள் வினாடிக்கு 60 தடவை படம் அனுப்பும்படி அமைக்கப்பட்டு இருக்கின்றன. 24 படங்களை 60 தடவையில் சமமாகப் பங்கு போட முடியுமா? முடியாது. ஆளுக்கு இரண்டரை வரும்.

அரைத் தடவை காட்ட முடியாது. ஆகவே, ஒரு படத்தை 2 தடவையும், அடுத்த படத்தை 3 தடவையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. அதனால்தான் அந்த உதறல்.

இந்தியாவில் டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கு வேறு கணக்கு. வினாடிக்கு 25 அல்லது 50. அதுவும் 60-ல் சமமாகப் பங்கு போகாது.

மருந்து? பல பெட்டிகளின் செட்டிங்ஸில் "மேட்ச் ஃபிரேம் ரேட்" என்ற பொத்தான் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி தன் டி.வி. பெட்டியில் 2017-ம் ஆண்டு டிசம்பரில் இதைக் கொண்டு வந்தது. அதைப் போட்டு விட்டால், படத்துக்குத் தக்கபடி பெட்டி தன் கணக்கை மாற்றிக் கொள்ளும். மாறும்போது திரை ஒரு வினாடி கறுப்பாகும். "போச்சு, டி.வி. போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

ஒரு பைசா செலவு இல்லை. ஆனால், இப்படி ஒரு பொத்தான் இருப்பதை எத்தனை கடைக்காரர்கள் வாங்குபவர்களுக்குச் சொல்லுகிறார்கள்?

அனுப்புகிறவரே திணறினால்?

சில சமயம், வீட்டில் எல்லாமே சரியாக இருக்கும். குற்றம் அனுப்புகிற இடத்தில்!

2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, அமெரிக்காவில் மைக் டைசனுக்கும் ஜேக் பாலுக்கும் குத்துச் சண்டை நடந்தது. நெட்பிளிக்ஸ் அதை நேரடியாகக் காட்டியது. ஒரே நேரத்தில் 6 கோடியே 50 லட்சம் இணைப்புகள் வரை போயிற்று என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. அந்த ராத்திரி படம் மங்கியது, நின்றது, வட்டம் சுற்றியது. ஏராளமானவர்கள் புகார் செய்தார்கள். அந்த வீடுகளில் மோடமும் சரி, டி.வி.யும் சரி, ஒரு தப்பும் செய்யவில்லை.

இந்தியாவில் 2023-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியின்போது, ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5 கோடியே 90 லட்சம் இணைப்புகள் இருந்தன. ஒரு பெரிய ஆட்டம் என்றால், இப்படி ஒரு நாட்டுக் கூட்டமே ஒரு வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே, பெரிய மாட்ச் அன்று படம் நின்றால், உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அங்கும் நிற்கிறதா? அப்படியானால், பொறுத்திருப்பதுதான் வைத்தியம்.

பெட்டிக்கு ஆயுள் எத்தனை?

இதுவரை சொன்னது எல்லாம் வீட்டில் செய்யக் கூடியது. இனி சொல்லப் போவது, வீட்டில் செய்ய முடியாதது.

ஒரு டி.வி.யின் கண்ணாடி பல ஆண்டு ஒளி தரும். ஆனால், அதற்குள் இருக்கும் "ஸ்மார்ட்" மூளை அத்தனை ஆண்டு தாங்குவது இல்லை. ஆப்கள் ஆண்டுக்கு ஆண்டு கனக்கின்றன. மூளை அதே மூளை. முதலில் மெதுவாகும். பிறகு திக்கும். பிறகு, ஒரு நாள் ஆப் திறக்கவே திறக்காது.

2019-ம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் சில பழைய சாம்சங் டி.வி.களிலும், சில பழைய ரோகு பெட்டிகளிலும் நெட்பிளிக்ஸ் நின்று போயிற்று. டி.வி. உடையவில்லை. திரை கறுக்கவில்லை. ஆனால், எதற்காக வாங்கினார்களோ அது வரவில்லை.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் இதை விட விசித்திரமான சம்பவம் நடந்தது. 2015-ல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள், உலகம் பூராவும் ஒரே நாளில் வேலை செய்ய மறுத்தன. காரணம்? கருவி கெட்டுப் போகவில்லை. அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட் காலாவதி ஆகிவிட்டது! ரேஷன் கார்டு செல்லாது என்று சொல்லி, வரிசையில் நின்றவரைத் திருப்பி அனுப்பியது போல.

"கருவியைத் துடைத்து, பழைய நிலைக்கு மாற்றி விடாதீர்கள், பொறுத்திருங்கள்" என்று கூகுள் கேட்டுக் கொண்டது. சில நாட்களில் திருத்தத்தை அனுப்பியது. கருவிகள் மறுபடி ஓடின. பொறுத்தவர்கள் பிழைத்தார்கள். அவசரப்பட்டுக் குப்பையில் போட்டவர்களுக்குத்தான் நஷ்டம்.

அந்தக் கருவி எந்தத் தேதி வரை ஓடும் என்பது அதற்குள்ளேயே எழுதி இருந்தது. வாங்கியவருக்கு மட்டும் தெரியாது! இது என்ன நியாயம்?

ரொட்டிக்கு உண்டு, டி.வி.க்கு இல்லையா?

சில ரூபாய் கொடுத்து ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கினால், அதில் என்ன இருக்கிறது? விலை. எடை. தயாரித்த தேதி. எது வரை சாப்பிடலாம் என்ற கெடு. அச்சிடாமல் விற்றால் சட்டம் கேட்கும்.

ஃபிரிட்ஜ் வாங்கினால், அது எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதை நட்சத்திரம் போட்டுக் காட்டுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் கூட, நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்குகிறார்.

ஆயிரக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் டி.வி.யில் மட்டும், "இதன் சாஃப்ட்வேரை இந்தத் தேதி வரை கவனித்துக் கொள்ளுவோம்" என்ற ஒரு வரி ஏன் இருக்கக் கூடாது?

பிரிட்டனில் இதற்குச் சட்டமே வந்து விட்டது. இண்டர்நெட்டில் இணையும் பொருளைச் செய்பவர், எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2024-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. இத்தனை ஆண்டு என்று அந்தச் சட்டம் கட்டாயப் படுத்தவில்லை. "சொல்லு" என்று மட்டும்தான் கட்டாயப் படுத்துகிறது. சொல்லி விட்டால் போதும். வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளுவார்.

பிரான்சில் 2021-ம் ஆண்டில் டி.வி., செல்போன் போன்றவற்றுக்கு மார்க் போடத் தொடங்கினார்கள். ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று 10-க்கு இத்தனை மார்க். விலைச் சீட்டின் பக்கத்திலேயே அந்த மார்க்கும் இருந்தது.

அங்கே முடிகிறது. இங்கே ஏன் முடியாது?

கம்பெனிகளின் பதில்

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லுவார்கள். "குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம். பத்து ஆண்டுக்கு முந்திய மூளையில் இன்றைய ஆப் ஓடாது. எல்லாப் பழைய மாடலுக்கும் என்றென்றைக்கும் வேலை செய்து கொண்டு இருக்க முடியுமா?" என்பார்கள்.

அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. என்றென்றைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பழைய மாட்டு வண்டியில் புதிய ரெயில் எஞ்சினைப் பூட்ட முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

கேட்பது வேறு. "எத்தனை ஆண்டு ஓடும் என்பதை, விற்கும்போதே சொல்லுங்கள்." அவ்வளவுதான். மூன்று ஆண்டு என்றால், மூன்று ஆண்டுக்கு உரிய விலையை வாங்குகிறவர் கொடுப்பார். ஏழு ஆண்டு என்றால், சற்று அதிகமாகக் கூடக் கொடுப்பார். தேதியைச் சொல்லாமல் விற்பது, எடை போடாமல் அரிசி விற்பதற்குச் சமம்.

இது பணப் பிரச்சினை மட்டும் அல்ல. 2022-ம் ஆண்டில் உலகம் பூராவும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதில் கால் பங்கு கூட முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கு இல்லை. நல்ல கண்ணாடியும், நல்ல ஸ்பீக்கரும் உள்ள டி.வி.யை, மூளை மெதுவாகி விட்டது என்பதற்காகக் குப்பையில் சேர்ப்பது ஊருக்கே கெடுதல்.

எறிவதற்கு முன்

அரசாங்கம் சட்டம் கொண்டு வரும் வரை, குடும்பங்கள் என்ன செய்யலாம்? ஒரு வரிசை இருக்கிறது. இதைத் தாண்டாமல் கடைக்குப் போகக் கூடாது.

முதலில், படம் நிற்கும்போது, ஒரு செல்போனை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து, அதே வைஃபையில், அதே படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். போனிலும் நின்றால், டி.வி. நிரபராதி.

அடுத்து, போனை மோடத்தின் அருகே கொண்டு போக வேண்டும். அங்கே நன்றாக ஓடினால், குற்றம் சுவருக்கும் தூரத்துக்கும். மோடத்தை இடம் மாற்றலாம். அல்லது வயர் இழுக்கலாம்.

மோடத்தின் பக்கத்திலும் நிற்கிறதா? இண்டர்நெட் கொடுப்பவருக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கட்டிய வேகம் வருகிறதா என்று கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை.

போனில் நன்றாக ஓடி, டி.வி.யில் மட்டும் திக்கினால், பெட்டியைக் கவனிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிச் செருகுவது, குப்பையைத் துடைப்பது, சாஃப்ட்வேர் புதுப்பிப்பது, ஃபிரேம் ரேட் பொத்தானைப் போடுவது.

அத்தனையும் செய்தும் திக்கினால்? அப்போதும் டி.வி.யை மாற்ற வேண்டாம்! எச்.டி.எம்.ஐ. துளை உள்ள எந்த டி.வி.யிலும் ஒரு புது ஸ்டிக் செருகலாம். மூளையை மட்டும் மாற்றினால் போதும். உடம்பை மாற்றத் தேவை இல்லை.

அந்த ஸ்டிக் வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

"இதில் சேமிப்பு இடம் எவ்வளவு?"

"புது முறையில் கட்டிய படத்தை இது அவிழ்க்குமா?"

"இதன் சாஃப்ட்வேரை எந்த ஆண்டு வரை கவனித்துக் கொள்ளுவார்கள்?"

மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும்! இன்று ஒருவர் கேட்டால் அவர் சிரிப்பார். நாளை பத்துப் பேர் கேட்டால், அவர் கம்பெனிக்குப் போன் செய்வார். ஊரே கேட்டால், அந்தத் தேதி தானாக அட்டைப் பெட்டியில் அச்சாகி வரும்.